சந்தடி இல்லாத பார்படாஸ்... மாத்திரையை மட்டும் கூடுதலா எடுத்துக்கோங்க!

2024, ஜூன் 29. பார்படாஸ் தீவின் தலைநகர் பிரிட்ஜ்டவுன். கென்சிங்டன் ஓவல் மைதானத்தில் தென் ஆப்பிரிக்காவை 7 ரன் வித்தியாசத்தில் ஜெயித்து, டி-20 உலகக்கோப்பையைத் தூக்கியது இந்திய அணி. நடுராத்திரி நெருங்குகிறவரை தூங்காமல் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா?

அதற்கப்புறம் நடந்த கூத்தும் ஞாபகம் இருக்கும். கோப்பையோடு ஊர் திரும்ப வேண்டியவர்கள் ஹோட்டலிலேயே அடைந்து கிடந்தார்கள். காரணம், 'பெரில்' என்ற சூறாவளி. விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். கடைசியில் தனி விமானம் போய் ஏற்றிக்கொண்டு, ஜூலை 4-ம் தேதிதான் டெல்லி வந்து சேர்ந்தார்கள்.

அவர்களைக் கூட்டிவர கிரிக்கெட் வாரியம் இருந்தது. உங்கள் வீட்டு அப்பாவும் அம்மாவும் அதே மாதிரி நாலு நாள் மாட்டிக்கொண்டால்? அப்பாவின் சுகர் மாத்திரை, ஊர் திரும்பும் தேதியோடு சரியாகத் தீர்ந்து போயிருந்தால்?

'நாங்க எதுக்குங்க பார்படாஸ் போகப் போறோம்?' என்கிறீர்களா? அப்படிச் சொல்லிவிட முடியாது! இன்று எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். மே, ஜூன் மாதங்களில் பெற்றோரை வரவழைக்கிறார்கள். வந்து ஒரு மாதம் ஆனதும், 'அம்மா, ஒரு வாரம் கரீபியன் தீவுக்குப் போயிட்டு வரலாம். இப்ப சீசன் இல்லை... ரூம் சீப்பா கிடைக்குது' என்கிறார் மகன். நியூயார்க்கில் இருந்தோ டொரண்டோவில் இருந்தோ விமானத்தில் சுமார் 5 மணி நேரம்தான்.

போகலாமா? தாராளமாகப் போகலாம். ஆனால், எதனால் விலை இறங்குகிறது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

அது என்ன 'ஆஃப் சீசன்'?

டிசம்பர் நடுவில் இருந்து ஏப்ரல் நடு வரை பார்படாஸில் சீசன். பனிக்குளிருக்குப் பயந்த அமெரிக்கர்களும் பிரிட்டிஷ்காரர்களும் வெயில் காய வந்து குவிவார்கள். ஏப்ரல் பாதி தாண்டிவிட்டால் கூட்டம் வடிந்துவிடும், வாடகையும் இறங்கிவிடும். ஜூன் முதல் நவம்பர் வரை மழைக்காலம்.

'மழையா?' என்று முகம் சுளிக்காதீர்கள். பார்படாஸ் இருப்பது நம் சென்னை இருக்கும் அதே 13 டிகிரி அட்சரேகையில்! பகலில் 30, 31 டிகிரி, ராத்திரியில் 24, 25 டிகிரி என்பதுதான் அங்கே வழக்கம். கிழக்கில் இருந்து கடல் காற்று வீசிக்கொண்டே இருக்கும். பெரும்பாலான நாட்களில் மழை ஒரு பாட்டம் பெய்துவிட்டுப் போய்விடும், வெயில் வந்துவிடும். பனி தேசத்துக்காரர்களுக்குப் புழுக்கமாக இருக்கலாம். நமக்கு அது பழகிப்போன சமாச்சாரம்தானே!

இரண்டு விஷயம் கவனியுங்கள். ஆகஸ்ட் முதல் திங்கட்கிழமையை ஒட்டி 'கிராப் ஓவர்' என்ற கரும்பு அறுவடைத் திருவிழா உச்சத்தில் இருக்கும். அந்த வாரம் ஊரே ஜேஜே என்றிருக்கும், விலையும் ஏறிவிடும். செப்டம்பரில் இதற்கு நேர் எதிர். பல ஹோட்டல்களும் சாப்பாட்டுக் கடைகளும் ரிப்பேர் வேலைக்காக மூடிக்கிடக்கும். ரூம் போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

உடம்புக்கு என்ன லாபம்?

வயதானவர்களுக்குக் கூட்டம் இல்லாததே ஒரு மருந்து. வரிசையில் கால்கடுக்க நிற்க வேண்டாம். தென்கரையில் கடலை ஒட்டி மரப்பலகை பதித்த நடைபாதை ஒன்று இருக்கிறது. ஒரு மைல் நீளம் சொல்லலாம். காலை ஆறு மணிக்கு அதில் காற்று வாங்கிக்கொண்டே நடந்தால், 'வாக்கிங்' என்பதே மறந்துபோகும்.

நியூயார்க், டொரண்டோவுக்கும் பார்படாஸுக்கும் கோடைக்காலத்தில் கடிகாரத்தில் வித்தியாசமே கிடையாது. ஆகவே தூக்கம் கெடாது, மாத்திரை நேரமும் மாறாது.

குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர். பவளப்பாறைச் சுண்ணாம்புக் கல்லில் இயற்கையாகவே வடிகட்டி வருகிறது. பாட்டில் தண்ணீருக்குச் செலவழிக்க வேண்டிய அவசியமில்லை.

பேரன், பேத்தி கூட வருகிறார்களா? இந்த மாதங்களில்தான் கடல் ஆமைகள் கரையேறி முட்டையிடும். குஞ்சுகள் மணலைக் கிளறிக்கொண்டு கடலை நோக்கி ஓடும். டார்ச் அடிக்காமல், கேமரா ஃப்ளாஷ் போடாமல் தள்ளி நின்று பார்க்க வேண்டும். சீசனில் வரும் பணக்காரர்களில் பலருக்குக் கிடைக்காத காட்சி இது!

ஆனால், 'அங்கே போனா நோயே தீர்ந்திடும்' என்று மட்டும் நம்பிப் போகாதீர்கள். இதற்கு 1751-ல் நடந்த ஒரு கதையே இருக்கிறது. பிற்பாடு அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியான ஜார்ஜ் வாஷிங்டன், அப்போது 19 வயதுப் பையன். அண்ணன் லாரன்ஸுக்குக் காசநோய். பார்படாஸ் காற்று குணப்படுத்தும் என்று நம்பி, இருவரும் கப்பலேறி நவம்பரில் வந்து இறங்கினார்கள். என்ன ஆயிற்று? அண்ணனுக்கு நோய் தீரவில்லை. அடுத்த ஆண்டே இறந்துபோனார். கூடப்போன தம்பிக்கு அங்கே பெரியம்மை கண்டது! பிழைத்துக்கொண்டார். அதனால் கிடைத்த எதிர்ப்புச் சக்தி, பின்னாளில் போர்க்களத்தில் அவரது படை வீரர்களைப் பெரியம்மை வாரிக்கொண்டு போனபோது அவரைக் காப்பாற்றியது. அவர்கள் தங்கிய வீடு இன்றும் பிரிட்ஜ்டவுனில் இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

சூறாவளிக் கணக்கு

அட்லான்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 தொடங்கி நவம்பர் 30 வரை. இதில் ஆகஸ்ட் நடுவில் இருந்து அக்டோபர் நடு வரைதான் உச்சம். பார்படாஸ் மற்ற தீவுகளில் இருந்து விலகி, கிழக்கே தனியாக இருப்பதால் பல புயல்கள் வடக்கே ஒதுங்கிப் போய்விடும். 1955-ல் 'ஜேனட்' தாக்கியது. அதற்கப்புறம் அறுபது வருஷத்துக்கு மேல் எந்தச் சூறாவளியும் நேராகத் தாக்கவில்லை. 2021 ஜூலையில் 'எல்சா' தாக்கியது. 2024-ல் 'பெரில்' தெற்கே விலகிப் போயும், மீன்பிடிப் படகுகளை நொறுக்கிவிட்டுத்தான் போனது. பக்கத்தில் கிரெனடாவைச் சேர்ந்த காரியாக்கு தீவு தரைமட்டமானது.

ஆகவே, பெற்றோரைக் கூட்டிப்போவதாக இருந்தால் ஏப்ரல் கடைசி, மே, ஜூன் தொடக்கம் நல்லது. இல்லாவிட்டால் நவம்பர் பின்பாதி. ஆகஸ்ட் நடுவில் இருந்து அக்டோபர் நடு வரை வேண்டாம். எவ்வளவு சீப்பாகக் கிடைத்தாலும் சரி! மியாமியில் உள்ள அமெரிக்க தேசிய சூறாவளி மையம், அடுத்த 7 நாட்களில் எங்கே புயல் உருவாகலாம் என்று தினமும் அறிவிக்கிறது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே மகனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள். பயண இன்ஷூரன்ஸை டிக்கெட் எடுத்த கையோடு எடுத்துவிடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு இன்ஷூரன்ஸ் எடுத்தால், 'தெரிந்தே வந்த ஆபத்து' என்று கையை விரித்துவிடுவார்கள். அமெரிக்காவுக்கென்று எடுத்த மருத்துவ இன்ஷூரன்ஸ் தீவிலும் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். திரும்பவும் அமெரிக்காவுக்குள்ளோ கனடாவுக்குள்ளோ நுழைய விசா இடம் கொடுக்கிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

மாத்திரை டப்பா பத்திரம்!

ஏழு நாள் பயணமா? பதினேழு நாள் மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். இதுதான் இந்தக் கட்டுரையின் சாரமே! பி.பி., சுகர், இதயம், தைராய்டு, வலிப்பு... எந்த மாத்திரையானாலும் பத்து நாளுக்குக் கூடுதலாக இருக்கட்டும். புயல் வந்தால் விமானம் மட்டுமா நிற்கும்? மருந்துக்கடையும் மூடும், மின்சாரமும் போகும்.

• மருந்து எல்லாம் கைப்பையில்தான். பெட்டியில் போட்டு விமானத்தின் அடியில் அனுப்பினால், பெட்டி ஒரு ஊர், நீங்கள் ஒரு ஊர் என்றாகிவிடலாம். இன்சுலின் அங்கே உறைந்து கெட்டுப்போகவும் கூடும்.

• டாக்டர் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் எழுதி வாங்குங்கள். நம்மூர் பிராண்டு அங்கே கிடைக்காது. மூலப்பெயர் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

• கரண்ட் போனாலும் இன்சுலின் கெடாமல் இருக்க, குளிர் தாங்கும் சின்னப் பை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

• பிரிட்ஜ்டவுனில் குயின் எலிசபெத் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆம்புலன்ஸுக்கு 511. ஒரு துண்டுச்சீட்டில் எழுதி அப்பாவின் சட்டைப்பையில் வையுங்கள்.

கடல், கொசு, மரம்... மூன்றிலும் ஜாக்கிரதை!

மேற்குக் கரைக் கடல் குளம் மாதிரி அமைதி. காலை நனைக்க, நீந்த அங்கே போங்கள். கிழக்குக் கரையில் பாத்ஷீபா பார்க்க அழகுதான். ஆனால் அட்லான்டிக் நீரோட்டம் ஆளை இழுத்துவிடும். படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள். சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. பவளத்துண்டோ கடல் முள்ளெலியின் முள்ளோ குத்தினால், ஆறாத புண்ணாகிவிடும்.

2011-ல் இருந்து சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி மூட்டை மூட்டையாகக் கரை ஒதுங்குகிறது. கோடை மாதங்களில் அதிகம். அழுகினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. மேற்குக் கரையில் ரூம் எடுத்தால் இந்தத் தொல்லை குறைவு.

மழைக்காலம் என்றால் கொசு இல்லாமலா? டெங்கு, சிக்குன்குனியா இரண்டும் அங்கே உண்டு. பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசுதான் வில்லன். முழுக்கைச் சட்டை, கொசு விரட்டி களிம்பு அவசியம். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும் கொடுத்து டாக்டரிடம் போங்கள். டெங்கு இல்லை என்று தெரிகிற வரைக்கும், நீங்களாகவே உடம்பு வலிக்கு ஆஸ்பிரினோ இபுபுரோஃபெனோ போட வேண்டாம். இதயத்துக்காக தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் உடனே சொல்லிவிடுங்கள்.

கடற்கரையில் மாஞ்சினீல் என்று ஒரு மரம். குட்டி ஆப்பிள் மாதிரி பச்சைப் பழம் காய்க்கும். அத்தனையும் விஷம்! மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால்கூட, சொட்டும் நீரில் கலந்த பால் பட்டுத் தோல் கொப்பளித்துவிடும். பல மரங்களில் சிவப்புப் பட்டை அடித்து வைத்திருப்பார்கள். பேரனுக்குக் காட்டிக் கொடுங்கள்.

இன்னொன்று... பட்டாள உடை மாதிரி திட்டுத்திட்டாக அச்சடித்த சட்டை, தொப்பி, பை எதுவும் வேண்டாம். சாதாரண மக்கள் அதைப் போடுவது அங்கே சட்டப்படி குற்றம். குழந்தைகளுக்கும் இதே விதிதான்!

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

கவலை வேண்டாம். மக்காச்சோள மாவும் வெண்டைக்காயும் போட்டுக் கிளறிய 'கூ-கூ'தான் அவர்கள் தேசிய உணவில் பாதி. நம்மூர் களிக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்! மீதிப் பாதி பறக்கும் மீன். அது நம் மீனவர்கள் கோலா என்று சொல்லும் இனம்தான். சைவக்காரர்களுக்கு உருளைக்கிழங்கும் கொண்டைக்கடலையும் வைத்துச் சுருட்டிய ரொட்டி கிடைக்கும். சீமைப்பலா, இளநீர் எல்லாமும் உண்டு.

இனிப்புப் பானங்களை மட்டும் ஒதுக்குங்கள். நம்மைப் போலவே அங்கும் சர்க்கரை நோய் பெரிய பிரச்னை. 2015-ல் இனிப்புப் பானங்களுக்கென்றே தனி வரி போட்டு, 2022-ல் அதை இரண்டு மடங்காக, 20 சதவிகிதமாக உயர்த்திய நாடு அது!

யார் தள்ளிப்போட வேண்டும்?

சமீபத்தில் மாரடைப்போ ஆபரேஷனோ ஆனவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள், கர்ப்பிணிகள் - இவர்கள் டாக்டரிடம் கேட்காமல் புயல் மாதங்களில் கிளம்பவே கூடாது. கர்ப்பிணிகளுக்குப் புயல் மட்டுமல்ல, கொசு கொண்டுவரும் ஜிகா வைரஸும் ஆபத்து. டயாலிசிஸ் நாலு நாள் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மற்றவர்கள்? தாராளமாகப் போய்வாருங்கள். சீசன் இல்லாத நேரத்தில் மிச்சமாகும் பணத்தில் கொஞ்சத்தைத் தேதி மாற்றும் டிக்கெட்டுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் ஒதுக்குங்கள். திரும்பும் தேதிக்கு மறுநாளே இந்தியாவுக்கு விமானம் என்று வைத்துக்கொள்ளாமல், நாலு நாள் இடைவெளி விடுங்கள். புயல் வரவில்லையா? அந்த நாலு நாளும் பேரப்பிள்ளைகளோடு. மிஞ்சின மாத்திரையா? கெட்டா போய்விடும், ஊருக்கு வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம்!