100 பாட்டா, 1,000 பாட்டா? தாய்லாந்தைக் குழப்பிய ராஜா நோட்டு

பாங்காக்கில் ஒரு சாப்பாட்டுக் கடை, மத்தியானக் கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். நீட்டும் நோட்டை முழுசா பார்க்க யாருக்கு நேரம் இருக்கு? நிறம் தெரிந்ததுமே கை கல்லாவுக்குப் போய்விடும். பச்சைன்னா 20 பாட், நீலம் 50, சிவப்பு 100, ஊதா 500, பழுப்பு 1,000. இந்தப் பழக்கத்துக்குத்தான் 2020 டிசம்பரில் சோதனை வந்தது.

மன்னர் வஜிரலாங்கோன் 2019-ல் முடிசூடியதன் நினைவாக, தாய்லாந்து மத்திய வங்கி 100, 1,000 பாட் நோட்டுகளை வெளியிட்டது. இதில் 100 பாட் சிவப்பாக இல்லை, மஞ்சள். அவசரத்தில் பார்த்தால் 1,000 பாட் மாதிரியே தெரியும். ஏமாந்தால் 900 பாட் போச்சு! கடைசியில், எண்ணைப் பார்த்து வாங்குங்கள் என்று மத்திய வங்கியே சொல்ல வேண்டியதாயிற்று.

மஞ்சளுக்கு அங்கே தனி மரியாதை. வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிறம் உண்டு, திங்களுக்கு மஞ்சள். மன்னர் பிறந்தது திங்கட்கிழமை. அவருடைய அப்பா பூமிபால் பிறந்ததும் திங்கள்தான்.

60 பாட், 70 பாட், 80 பாட்

அரச குடும்பத்துக்காக நோட்டு அடிப்பது அங்கே புதுசு இல்லை. 1987-ல் பூமிபாலுக்கு 60 வயது. 12 ஆண்டு ஒரு சுற்று என்ற கணக்கில் 60 என்பது ஐந்து சுற்று நிறைவு, பெரிய விசேஷம். அதற்கு 60 பாட் நோட்டு வந்தது, அதுவும் சதுர வடிவில். மடிக்காமல் எந்த பர்ஸிலும் வைக்க முடியாது! 2007-ல் அவரது 80-வது பிறந்தநாளுக்கு 1, 5, 10 பாட் மூன்றையும் வெட்டாமல் ஒரே தாளாக, 16 பாட் என்று கொடுத்தார்கள். 2012-ல் ராணி சிறிகிட்டுக்கு 80 பாட். 2016-ல் பூமிபால் அரியணை ஏறி 70 ஆண்டு ஆனதற்கு 70 பாட்.

எல்லாமே சட்டப்படி செல்லும் பணம்தான். ஆனால், 70 பாட் நோட்டைக் கொடுத்து யார் நூடுல்ஸ் வாங்கப் போகிறார்? ஆல்பத்துக்கும் பீரோவுக்கும்தான் போகும். திரும்பி வராத நோட்டு, மத்திய வங்கிக்கு வட்டியில்லாக் கடன் மாதிரி. கல்லாவுக்கு வராததால் குழப்பமும் இல்லை.

பூமிபால் 2016 அக்டோபரில் காலமானார். அவர் நினைவாக 2017-ல் வந்த ஐந்து நோட்டுகளிலும் நிறம் வழக்கம்போலவே இருந்தது. பின்பக்கத்தில் அவரது வாழ்க்கைக் காட்சிகள்.

தினமும் கைமாறும் 100 பாட்டின் நிறத்தை மாற்றியதுதான் 2020-ல் வினையானது. அந்த மஞ்சள் நோட்டு இன்றும் செல்லும்.