வந்தவர் விவரம்

1938 டிசம்பரில் தாம்பரத்துக்கு வந்து இறங்கிய வெளிநாட்டுக் கூட்டம் போல இன்னொன்றை அந்த ஊர் பிறகு பார்த்திருக்குமா என்பது சந்தேகம்தான். சென்னைக் கிறித்தவக் கல்லூரி பாரிமுனைப் பக்கமிருந்து சேலையூர்க் காட்டுக்குக் குடிவந்து ஓராண்டு ஆகியிருந்தது. கடற்கரை - தாம்பரம் மின்சார ரயிலுக்கு வயது ஏழு. அந்தக் கல்லூரி வளாகத்தில் கூடிய உலக மிஷனரி மாநாட்டுக்கு ஏறக்குறைய 70 நாடுகளிலிருந்து 471 பேர் வந்தார்கள். சீனாவில் நடக்க இருந்த மாநாடு அது. ஜப்பான் படையெடுப்பால் தாம்பரத்துக்கு மாறியது. அந்த ஜப்பானிலிருந்தே சமூகச் சீர்திருத்தவாதி டொயோஹிகோ ககாவா வந்திருந்தார். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களில் ஆல்பர்ட் லுத்துலி ஒருவர். பிற்பாடு 1960-ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. தலைமை வகித்த ஜான் மாட்டுக்கு 1946-இலேயே கிடைத்துவிட்டது.

இந்த 471 பேரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் பெயர் பதியவேண்டும் என்று நாடு தழுவிய பதிவுச் சட்டம் எதுவும் அன்று இல்லை. 1864-இல் போட்ட ஒரு பழைய சட்டம் இருந்தது. பிடிக்காத ஆளை வெளியேற்ற அது போதும். வந்தவர்களையெல்லாம் வரிசையில் நிறுத்திப் பெயர் எழுத அல்ல. மாநாடு முடிந்து நாலாவது மாதம், 1939 ஏப்ரலில், வெளிநாட்டவர் பதிவுச் சட்டம் வந்தது. செப்டம்பரில் போர் மூண்டது.

அந்தச் சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அதே கல்லூரியில் வேலை பார்த்த ஸ்காட்லாந்துப் பேராசிரியர்கள் அதன் கண்ணில் வெளிநாட்டவரே அல்ல. பிரிட்டனைச் சொந்த இருப்பிடமாகக் கொண்ட பிரிட்டிஷ் பிரஜை அந்தப் பட்டியலில் சேரமாட்டார். அமெரிக்கரும் ஜெர்மானியரும் சேருவார்கள். இந்தியக் குடிமகன் அல்லாத எவரும் வெளிநாட்டவர் என்று விளக்கம் மாறியது 1957 திருத்தத்தில்தான், அதாவது விடுதலைக்குப் பத்தாண்டு கழித்து.

அப்போது தாம்பரம் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தது. மாவட்டங்களில் காவல் கண்காணிப்பாளர்தான் வெளிநாட்டவர் பதிவு அதிகாரி. ஆக, சென்னைக்கு ரயிலில் ஒரு மணிக்கு மேல் ஆகாத ஓர் ஊரில் தங்கியவருக்கும் காகிதத்தில் சென்னை வேறு, தாம்பரம் வேறு. ஜி.எஸ்.டி. ரோடு லாட்ஜ்களில் வெள்ளைக்காரர் யாராவது அறை எடுத்தால் மேனேஜர் 'சி ஃபார்ம்' எடுப்பார். பாஸ்போர்ட் எண், கொடுத்த ஊர், கொடுத்த தேதி, விசா எண், இந்தியாவுக்குள் வந்த தேதி, எங்கிருந்து இங்கே வந்தார், இந்தியாவில் வேலையில் இருக்கிறாரா, அடுத்து எங்கே போகிறார். இவ்வளவையும் கையால் எழுதி, வந்தவரிடம் கையெழுத்து வாங்கி, 24 மணி நேரத்துக்குள் அனுப்பவேண்டியிருந்தது. ஸ்டேஷன் ரைட்டருக்கு அந்தக் காகிதம் அபூர்வமான சரக்கு. ஆளைப் பார்க்காவிட்டாலும் 'நம்ம லிமிட்ல ஒரு ஃபாரினர் இருக்காரு' என்பது அவருக்குத் தெரியும்.

தொண்ணூறுகளிலும் அதன்பிறகும் காட்டாங்குளத்தூர், வண்டலூர், சேலையூர், பல்லாவரம் என்று கல்லூரிகள் வளர, ஆப்பிரிக்க, மேற்காசிய மாணவர்கள் வந்தார்கள். நீண்டகால விசாவில் வந்தவர் 14 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும். அவர்கள் போய் நின்ற இடம் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இருந்த வெளிநாட்டவர் மண்டலப் பதிவு அலுவலகம் (எஃப்.ஆர்.ஆர்.ஓ.). தாம்பரத்தில் ரயிலேறி நுங்கம்பாக்கத்தில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனால், வீட்டு ஒப்பந்தம் எங்கே, கல்லூரிக் கடிதம் எங்கே, போட்டோ எங்கே என்ற கேள்விகள். ஒரு தாள் குறைந்தால் மறுபடி அதே ரயில். 2018 ஏப்ரலில் அதன் இணையச் சேவையான இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. வந்து இதை ஏறக்குறைய ஒழித்தது. இன்று விண்ணப்பம், ஆவணம், கட்டணம் எல்லாம் இணையத்தில் முடிகின்றன. பதிவுச் சான்று மின்னஞ்சலில் வருகிறது. கூப்பிட்டால் மட்டும் நேரில் போனால் போதும். ஆறு மாதத்துக்குள் திரும்பிப் போகிற சுற்றுலாப் பயணிக்குப் பதிவு என்ற பேச்சே பொதுவாகக் கிடையாது. 2014 நவம்பரில் மின்விசா தொடங்கியபோது முதல் ஒன்பது விமான நிலையங்களில் மீனம்பாக்கமும் ஒன்று. பாகிஸ்தான் கடவுச்சீட்டுக்காரருக்கு மட்டும் அன்றும் இன்றும் கெடுபிடி அதிகம்.

இவர்கள் யாருக்கும் நேராத ஒன்று ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கு நேர்ந்தது. 1983-க்குப் பிறகு படகில் வந்தவர்களும் விமானத்தில் வந்தவர்களும் எல்லோரும் முகாமுக்குப் போகவில்லை. கையில் கொஞ்சம் பணமோ வெளிநாட்டில் ஓர் உறவோ இருந்தவர்கள் வளசரவாக்கம், போரூர் என்று புறநகர்களில் வாடகைக்கு வீடு பிடித்தார்கள். 1991 மே 21-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு அவர்கள் வாழ்க்கையில் 'பொலிஸ் பதிவு' நிரந்தரமாகக் குடியேறியது. குடும்பத்தில் எத்தனை பேர், எந்த ஊர், எப்போது வந்தீர்கள், வெளிநாட்டில் யார் என்று ஸ்டேஷனிலும் தமிழகக் காவல்துறையின் கியூ பிரிவிலும் ஒரே கேள்விகள். வீடு மாறினால் மறுபடி. வீட்டுக்காரர்களும் 'சிலோன்காரங்களா? போலீஸ் வரும், வேண்டாம்' என்று கதவைச் சாத்தினார்கள். பாஸ்போர்ட் வைத்திருந்த சுற்றுலாப் பயணிக்கு ஒரு முறை எழுதிப்போட்டால் முடிகிற விஷயம் இவர்களுக்கு முடியாத வேலையாயிற்று. இதை அன்றைய சூழலின் தேவை என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

ஆனால் காகிதத்தின் போக்கு விசித்திரமானது. 2025 செப்டம்பர் 1-இல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்து, 1939 சட்டம் உட்பட நான்கு பழைய சட்டங்களை ஓரங்கட்டியது. உடன் வந்த விலக்கு ஆணையில், 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சமடைந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழர்கள் கடவுச்சீட்டும் விசாவும் இல்லை என்பதற்காகத் தண்டனைக்கு ஆளாகமாட்டார்கள் என்று சொல்லப்பட்டது. எந்தப் பதிவுக்காக அவமானப்பட்டார்களோ அதுதான் இப்போது அவர்களுக்குக் காப்பு. குடியுரிமை இன்னும் வரவில்லை. அது வேறு கதை.

புதிய சட்டத்தில் நம்மூர்க்காரர்கள் கவனிக்கவேண்டியது வேறொன்று. தங்க இடம் கொடுப்பவர், கல்லூரி, மருத்துவமனை மூவருமே வெளிநாட்டவர் விவரத்தைத் தெரிவிக்கவேண்டும். பெரிய கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் அதற்கென்று ஆள் இருக்கிறது. குரோம்பேட்டையிலும் பெரும்பாக்கத்திலும் சிகிச்சைக்கு வருகிற வெளிநாட்டு நோயாளியின் குடும்பம் ஆஸ்பத்திரியில் தங்குவதில்லை. பக்கத்துத் தெருவில் மாடி போர்ஷனில் தங்குகிறது. கீழ் வீட்டு அம்மா நாள் வாடகையைக் கையில் வாங்கி, கேஸ் சிலிண்டரைக் காட்டி, சாவியைக் கொடுக்கிறார். அவரும் சட்டத்தின்படி லாட்ஜ் மேனேஜர் மாதிரிதான் என்று அவருக்கு யார் சொன்னது? 2022 ஜனவரி 1 முதல் தாம்பரத்துக்குத் தனிக் காவல் ஆணையரகம் உண்டு, அலுவலகம் சோழிங்கநல்லூரில். மாடி போர்ஷன் வரை இந்தச் செய்தியைக் கொண்டுபோகும் வேலையை அந்த ஆணையரகமும் மாநகராட்சியும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு துண்டு நோட்டீஸ் போதும்.

அதுவரை, பெரும்பாக்கத்திலோ சேலையூரிலோ வீடு வாடகைக்கு விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வந்தவர் வெளிநாட்டவர் என்றால் சாவியைக் கொடுக்கும்போதே பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் விசாவையும் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். எஃப்.ஆர்.ஆர்.ஓ. தளத்தில் உங்கள் வீட்டு முகவரிக்கு ஒரு கணக்குத் தொடங்கி, 24 மணி நேரத்துக்குள் வந்தவர் விவரத்தை ஏற்றிவிடுங்கள். புரியவில்லை என்றால் வீட்டில் கல்லூரிக்குப் போகிற பிள்ளையைக் கேளுங்கள். போலீஸ் வரும் என்று பயந்து வீடு இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். நோயாளியோடு வந்தவர்கள் இரவில் போக வேறு இடம் இருக்காது.