சிவப்பு-வெள்ளை ஒயரா? வெளிச்ச ஒயரா?

புது டி.வி. வாங்கியாகிவிட்டது. படம் பளிச்சென்று தெரிகிறது. பாட்டு மட்டும் தகர டப்பாவுக்குள் இருந்து வருகிறது!

காரணம் என்ன? தட்டை டி.வி.யில் பெரிய ஸ்பீக்கர் வைக்க இடம் இல்லை. ஆகவே தனியாக ஆம்ப்ளிபயரும் ஸ்பீக்கர்களும் வைக்கிறார்கள். எந்த ஒயரால் இணைப்பது? இங்கேதான் குழப்பம்.

அலையும் எண்ணும்

ஒலி என்பது அலை. அதை அப்படியே மின்சார அலையாக அனுப்புவது "அனலாக்". சிவப்பு, வெள்ளை முனை உள்ள ஒயர்கள் இந்த ரகம்.

"டிஜிட்டல்" ஒயரில் அலை போவதில்லை. எண்கள் போகின்றன! சி.டி. தட்டில் ஒலியை வினாடிக்கு 44,100 தடவை அளந்து எண்ணாகப் பதிக்கிறார்கள். இத்தகைய எண்களை எச்.டி.எம்.ஐ. ஒயர் மின்சாரமாகக் கொண்டு செல்கிறது. 1983-ல் ஜப்பானின் தோஷிபா கம்பெனி கொண்டுவந்த "ஆப்டிகல்" ஒயரோ வெளிச்சமாகக் கொண்டு செல்கிறது. அந்தச் சிவப்பு வெளிச்சத்தின் மினுக்கல்தான் பாட்டு!

ஆனால் ஸ்பீக்கருக்கு எண் புரியாது. கடைசியில் அலையாக மாற்றியே தீரவேண்டும். அந்த வேலையைப் பெரும்பாலும் டி.வி.யை விட நல்ல ஆம்ப்ளிபயர் நன்றாகச் செய்யும். எனவே அதுவரை எண்ணாகவே போகட்டும்.

இன்னொரு லாபமும் உண்டு. கரண்டு ஒயரை ஒட்டி அனலாக் ஒயர் போனால் "ம்ம்ம்" என்று இரைச்சல் கேட்கலாம். ஆப்டிகலில் அந்தத் தொல்லை ஏறாது.

எதை வாங்குவது?

பெட்டிகளின் பின்பக்கம் பாருங்கள். இரண்டிலும் "எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி." என்று இருந்தால் அதுவே போதும். 2009-ல் வந்த ஏற்பாடு இது. டி.வி.யின் ஒலி ஒரே ஒயரில் ஆம்ப்ளிபயருக்குத் திரும்பி வரும். அது இல்லையா? ஆப்டிகல் போடுங்கள். சினிமாவின் 5.1 ஒலி அதிலும் வரும்.

இரண்டும் இல்லாத பழைய ஆம்ப்ளிபயரா? தூக்கி எறியாதீர்கள்! சிவப்பு-வெள்ளை ஒயரில் செய்தியும் பழைய பாட்டும் சுகமாகக் கேட்கும். கிராமபோன் இசைத்தட்டில் பதிந்திருப்பதே அலைதான். அதற்கு அனலாக்கே பொருத்தம்.

"இந்த டிஜிட்டல் ஒயர் ஆயிரக்கணக்கில் விலை; பாட்டு இனிக்கும்" என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். எண் சரியாகப் போய்ச் சேர்ந்தால் போதும். ஒயர் மோசமானால் ஒலி விட்டு விட்டு வரும், அவ்வளவே. நாலைந்து அடி தூரத்துக்குச் சாதாரண ஒயர் தாராளம்.

இணைத்தும் சத்தம் வரவில்லையா? டி.வி.யின் ஒலி அமைப்பில் "பி.சி.எம்." என்பதை வைத்துப் பாருங்கள். புது ஆப்டிகல் ஒயரின் முனையில் சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன், அதைக் கழற்றினீர்களா என்றும் பாருங்கள்!