சோற்றுப் பொட்டலமும் ஒரு சொற்பொழிவும்

சாப்பாட்டு வேளையில் பேசினால் யார் காது கொடுத்துக் கேட்பார்கள் என்று நம்மில் பலருக்குத் தோன்றும். ஆனால் உலகின் பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மிகவும் விரும்பிக் கேட்கப்படும் பேச்சுகளில் சில பகல் உணவு நேரத்தில்தான் நடைபெறுகின்றன. பேச்சாளர் முன்னால் நிற்பார். கேட்பவர்கள் கொண்டுவந்த உணவை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே கேட்பார்கள். அமெரிக்காவில் இதற்கு 'பிரவுன் பேக்' என்று பெயர். மதிய உணவை மடித்துக் கொண்டுவரும் பழுப்புக் காகிதப் பைதான் அந்தப் பெயருக்குக் காரணம். நம் மொழியில் 'கட்டுச்சாதக் கூட்டம்' என்று சொல்லலாம் போலும்! தடாவையும் ஸ்ரீசிட்டியையும் சுற்றி வாழும் நம் குடும்பங்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். முதலில் லண்டனுக்குப் போய் வருவோம்.

இரண்டாம் உலகப் போரின்போது லண்டன் நகரம் இரவில் இருட்டடிப்பில் கிடந்தது. மாலைக் கச்சேரிகள் நின்றுபோயின. அங்குள்ள தேசிய ஓவியக் கூடத்தின் படங்களையெல்லாம் பாதுகாப்பாக வெளியூருக்கு அனுப்பிவிட்டதால் சுவர்கள் வெறுமையாக நின்றன. மைரா ஹெஸ் என்ற பியானோ கலைஞர், அந்த வெற்றுக் கூடத்தில் பகல் ஒரு மணிக்குக் கச்சேரி வைக்கலாமே என்று யோசனை சொன்னார். 1939 அக்டோபரில் தொடங்கியது. கட்டணம் ஒரு ஷில்லிங். அலுவலகத்திலிருந்து ஓடிவந்தவர்கள் நின்றுகொண்டும் தரையில் உட்கார்ந்தும் கேட்டார்கள். அங்கே விற்ற சாண்ட்விச்சுகளுக்கும் தனிப் புகழ் உண்டு. 1946 வரை அந்தக் கச்சேரிகள் நடந்தன.

அதே போர்க்காலத்தில்தான், 1942-ஆம் ஆண்டில், லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் தன் பகல் உணவு நேரச் சொற்பொழிவுகளைத் தொடங்கியது. குண்டுவீச்சில் கல்லூரியின் கட்டடங்கள் பெரும் சேதமடைந்திருந்தன. நூலகத்தில் ஏராளமான நூல்கள் அழிந்திருந்தன. பல துறைகள் வெளியூர்களுக்குப் போயிருந்தன. அந்த நிலையிலும் பேச்சைத் தொடங்கினார்கள் என்பதுதான் வியப்பு. இன்றளவும் அது தொடர்கிறது. பல ஆண்டுகள் செவ்வாயும் வியாழனும் ஒன்றேகாலுக்குத் தொடங்கி ஒன்று ஐம்பத்தைந்துக்கு முடியும் வழக்கம் இருந்தது. நாற்பதே நிமிடம்! கட்டணம் கிடையாது. மாணவரா, ஆசிரியரா, தெருவில் போகிறவரா என்று கேட்பதும் கிடையாது. இப்போது ஒளிப்பதிவாகவும் பார்க்கக் கிடைக்கிறது.

அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் தென்னாசிய மையம் வியாழக்கிழமை நண்பகலிலும், கார்னெல் பல்கலைக்கழகத்தின் தென்னாசியப் பிரிவு திங்கட்கிழமை பன்னிரண்டேகாலுக்கும் இத்தகைய பேச்சுகளை நெடுங்காலம் நடத்தி வந்திருக்கின்றன. நம் நாட்டைப் பற்றி அங்கே பேசிக் கேட்கிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது கடிகாரம் செய்யும் வேலை. நம் கூட்டங்களை எண்ணிப் பாருங்கள். கடவுள் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகிப்பவர் உரை, வாழ்த்துரை நான்கு, பொன்னாடை எட்டு. சிறப்புப் பேச்சாளர் ஒலிபெருக்கியைப் பிடிக்கும்போது மணி எட்டரை, குழந்தைகள் தூங்கிவிட்டிருக்கும், பின்வரிசையில் பாதிப் பேர் பந்திக்கு எழுந்துவிட்டிருப்பார்கள். பகல் பேச்சில் இதற்கெல்லாம் இடமில்லை. ஒன்றரை மணிக்கு வகுப்பு. எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் நிறுத்தித்தான் ஆக வேண்டும். வள்ளுவர் கேள்விக்குத் தனி அதிகாரமே வைத்து, செவியையும் வயிற்றையும் எந்த வரிசையில் நிறுத்தினார் என்பது வாசகர்களுக்குத் தெரியும். இங்கே இரண்டுக்கும் ஒரே நேரத்தில் படியளக்கப்படுகிறது!

இனி நம் ஊருக்கு வருவோம். 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் உருவானபோது, நெல்லூர் மாவட்டத்திலிருந்த தடாவும் சித்தூர் மாவட்டத்திலிருந்த சத்தியவேடும் ஒரே மாவட்டத்தில் வந்து சேர்ந்தன. தடாவுக்கு அருகே உள்ள ஸ்ரீசிட்டியை ஆலைகளின் ஊர் என்றே நாம் அறிவோம். அங்கே இரண்டு உயர்கல்வி நிலையங்களும் இருக்கின்றன. 2013-இல் தொடங்கிய இந்தியத் தகவல் தொழில்நுட்பக் கழகம் (ஐஐஐடி) ஒன்று. 2019-இல் முதல் இளநிலை மாணவர்களைச் சேர்த்த கிரியா பல்கலைக்கழகம் மற்றொன்று. நம்மவர் பலர் அந்தச் சாலையில்தான் தினமும் ஷிப்டுக்குப் போகிறார்கள். ஆனால் அந்த வாசல்களைத் தாண்டி உள்ளே போய் ஒரு பேச்சையாவது கேட்டவர்கள் நம் குடும்பங்களில் எத்தனை பேர்? நான் விசாரித்த வீடுகளில் ஒருவர்கூட இல்லை. காவலாளி விடமாட்டார் என்பதல்ல காரணம். நமக்கு அங்கே என்ன வேலை என்ற எண்ணந்தான்.

அந்த எண்ணம் பெரியவர்களோடு நின்றால் பாதகமில்லை. பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் அது ஒட்டிக்கொள்கிறது. கல்லூரி என்றால் சென்னைக்குப் போக வேண்டும் என்றே அவர்கள் நினைக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பேராசிரியர் இருக்கிறார், அவரிடம் எழுந்து நின்று கேள்வி கேட்கலாம் என்பது அவர்கள் கனவிலும் வருவதில்லை.

மாலைக் கூட்டம் இங்கே சரிப்படாது. சென்னையிலிருந்து வந்து போகிறவர்களுக்கு ரயிலும் பஸ்ஸும் காத்திருக்கும். பகல் வேளையோ பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய தாய்மார்களுக்கு ஓய்வான நேரம். இரண்டு மணி ஷிப்டுக்குப் போகிறவர்களும் வந்துவிட்டுப் போகலாம். ஜெனரல் ஷிப்டுக்காரர்களுக்கு வாய்க்காது என்பது உண்மையே. சாப்பிடக் கிடைக்கும் அரை மணியில் வாசலுக்குக்கூட வர முடியாது. அவர்களுக்கும் பள்ளியில் இருக்கும் பிள்ளைகளுக்கும் லண்டன்காரர்கள் செய்வதுபோல ஒளிப்பதிவு செய்து தந்தால் போதும். பள்ளி விடுமுறை நாளில் ஒரு பேச்சு வைத்தால் பிள்ளைகள் நேரிலேயே வருவார்கள்.

பேசுவதற்கு ஆளா இல்லை? சூளூர்ப்பேட்டையைத் தாண்டினால் ஸ்ரீஹரிகோட்டா. 1971 அக்டோபரில் ரோகிணி என்ற சிறு ராக்கெட் கிளம்பிய அதே தீவிலிருந்துதான் 2023 ஜூலை 14-ஆம் தேதி சந்திரயான்-3 புறப்பட்டது. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். அங்கே பணியாற்றி ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் நாற்பது நிமிடம் பேசினால் போதாதா?

எல்லை விஷயம் ஒன்றிருக்கிறது. 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சத்தியவேட்டுப் பக்கத்துக் கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின. ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தை நம் பெரியவர்கள் ஒரு பக்கமாகவே சொல்லக் கேட்டிருக்கிறோம். தெலுங்கு பேசும் அயலார் வீட்டுத் தாத்தாவும் அதே மேடையில் தன் நினைவைச் சொன்னால் எவ்வளவு நன்றாயிருக்கும்! கடைத்தெருவில் அவர்கள் தெலுங்கில் கேட்க நாம் தமிழில் பதில் சொல்கிறோம். வியாபாரம் தடையின்றி நடக்கத்தான் செய்கிறது. பேச்சும் நடக்கும்.

பட்டம் பெற்றவர்தான் பேச வேண்டும் என்பதுமில்லை. பழவேற்காடு ஏரி சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. டச்சுக்காரர்கள் 1613-இல் அதன் கரையில் கோட்டை கட்டினார்கள் என்பது பாடப் புத்தகத்துக்குத் தெரியும். அந்த ஏரியில் எந்தக் குப்பத்தார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை விடுவது என்பதை முறை வைத்தும் சீட்டுப் போட்டும் பங்கிட்டுக்கொள்ளும் 'பாடு' என்ற வழக்கம் மீனவர்களிடம் இருக்கிறது. பொதுச்சொத்தைச் சண்டையில்லாமல் பகிர்வது எப்படி என்று ஆராய்பவர்கள் இதைத் தேடிவந்து படிக்கிறார்கள். அதைச் சொல்லத் தகுந்தவர் படகோட்டும் பெரியவரே. பொருளாதார மாணவர்கள் கேட்கட்டும். நாமும் ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்போம்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. நம் சங்கச் செயலாளர் இரு நிலையங்களின் பதிவாளர்களுக்கும் ஒரு கடிதம் எழுத வேண்டும்: மாதம் ஒரு நாள், பகல் பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு வகுப்பறை, வெளியார் ஐம்பது பேருக்கு வாசலில் அனுமதிச் சீட்டு. பேச்சாளரை அழைத்துவரக் கார் நம் பொறுப்பு. சாப்பாடு அவரவர் கையில். தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் எதில் பேசினாலும் கடைசிப் பத்து நிமிடம் கேள்விக்கு. பொன்னாடை வேண்டாம்.

முதல் பேச்சுக்குப் பறவைகளை வைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. மழை ஓய்ந்தபின் ஏரியில் பூநாரைகளும், நேலபட்டில் கூழைக்கடாக்களும் கூடியிருக்கும் சமயம். பேச்சு முடிந்ததும் ஒரு வேன் பிடித்தால் பொழுது சாய்வதற்குள் பார்த்துவிட்டும் வரலாம். வர விரும்பும் குடும்பத்தினர் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும். தயிர்சாதம் கொண்டுவருபவர்கள் கூட ஒரு பொட்டலம் பேச்சாளருக்கும் கட்டிக்கொண்டு வரவும்.