பூண்டு விளையும் ஊரில் மூன்று நாள்

நம் வியாபாரிகளில் பெரும்பாலோருக்கு ஓய்வு என்றால் மே 5 வணிகர் தினமும், தீபாவளிக்கு மறுநாளும்தான். மற்ற நாட்களில் காலையில் கடை திறந்தால், இரவு கல்லாக் கணக்கை முடித்த பிறகே வீடு. எப்போதாவது குடும்பத்தோடு வெளியூர் கிளம்பினாலும் கடையில் காட்டும் அவசரத்தை அங்கேயும் காட்டுகிறோம். கொடைக்கானல் போனால் ஏரி, தூண் பாறை, பிரையண்ட் பூங்கா என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்து முடித்து, இரவோடு இரவாக மலை இறங்கிவிடுகிறோம். செலவுதான் ஆகிறதே தவிர, உடம்புக்கும் மனதுக்கும் ஓய்வு கிடைப்பதில்லை.

ஒரே ஊரில் இரண்டு மூன்று நாள் தங்கி, அந்த ஊரார் நடக்கும் வேகத்தில் நாமும் நடந்து, அவர்கள் வாழ்வதைப் பார்த்துவிட்டு வருவது வேறு வகைப் பயணம். மளிகைக்காரருக்கும் மொத்த வியாபாரிக்கும் இதில் இரட்டை லாபம் உண்டு. நாம் விற்கும் சரக்கு விளையும் ஊருக்கே போய்த் தங்கினால் ஓய்வும் கிடைக்கும், தொழில் அறிவும் கூடும். அதற்கு நாம் எடுத்துக்காட்டாகச் சொல்ல விரும்புவது பூம்பாறை.

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் போகும் சாலையில் சுமார் 20 கிலோ மீட்டர் தூரத்தில், ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்த மலைக் கிராமம். சாலையின் மேட்டில் நின்று பார்த்தால் ஓட்டு வீடுகளும் தகர வீடுகளும் நெருக்கமாகத் தெரியும். அவற்றைச் சுற்றிலும் மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி அமைத்த தோட்டங்கள். சுற்றுலா வண்டிகள் அந்த மேட்டில் பத்து நிமிடம் நின்று, படம் எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடும். ஊருக்குள் இறங்கித் தங்குபவர்கள் குறைவு. மாலையில் வண்டிகள் போன பிறகுதான் ஊரின் அமைதி தெரியும்.

ஊரின் நடுவே குழந்தை வேலப்பர் கோயில் இருக்கிறது. பழனி மூலவரைப் போலவே இங்குள்ள முருகன் திருமேனியையும் போகர் நவபாஷாணத்தால் செய்தார் என்பது ஐதீகம். காலையில் பனி விலகும் நேரத்தில் கோயிலுக்குப் போய்விட்டு, அப்படியே தோட்டங்களின் பக்கம் நடக்கலாம். உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பட்டாணி எல்லாம் விளைகின்றன என்றாலும், ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது மலைப்பூண்டு.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. பழனி பஞ்சாமிர்தத்துக்குக் கிடைத்ததும் அதே ஆண்டில்தான். இந்தப் பூண்டு பார்வைக்குப் பெரிதாக இருக்காது. வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ இருக்கும். மணமும் காரமும் அதிகம். பக்குவமாக வைத்தால் நெடுநாள் கெடாது. இவ்வளவும் நமக்குக் கடையில் இருந்தபடியே தெரியும். அதன் விலை ஏன் கூடுதலாக இருக்கிறது என்பது மட்டும் தோட்டத்து வரப்பில் நின்று பார்த்தால்தான் புரியும்.

முதலாவது, விதைச் செலவு. பூண்டுக்குப் பூண்டுதான் விதை. ஏக்கருக்கு 200 கிலோவுக்கு மேல் விதைப்பூண்டு வேண்டும். நல்ல விலை வரும்போதுகூட விவசாயி எல்லாவற்றையும் விற்றுவிட முடியாது. அடுத்த போகத்துக்கு ஒரு பங்கை ஒதுக்கியாக வேண்டும். இரண்டாவது, ஆள் கூலி. படிக்கட்டுத் தோட்டத்தில் டிராக்டர் இறங்காது. ஒவ்வொரு பல்லாகக் கையால் ஊன்ற வேண்டும். களை எடுப்பதும் பூண்டு பிடுங்குவதும் கைவேலைதான். மூன்றாவது, காலம். ஊன்றியதிலிருந்து அறுவடைக்கு 4 மாதம் ஆகும். முற்றும் சமயத்தில் மழை பிடித்துக்கொண்டால் மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும். நான்காவது, எடைக் குறைவு. பிடுங்கிய பூண்டை உலர்த்தி எடுப்பதற்குள் எடை கணிசமாகக் குறைந்துவிடும். அதன் பிறகுதான் மூட்டை கட்டி, வண்டி ஏற்றி, பெரியகுளம் பக்கத்து வடுகபட்டி சந்தைக்கு அனுப்புகிறார்கள்.

சந்தையில் நாம் கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைத்துக் கேட்கும்போது இவற்றில் ஒன்றும் நம் கண்ணில் படுவதில்லை. பேரம் பேசுவது நம் தொழில், அதை விட வேண்டியதில்லை. ஆனால் எதுவரை பேசலாம் என்ற அளவு, விளைவிக்கிறவரின் பாட்டைப் பார்த்தவருக்கே தெரியும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், இமாச்சலப் பிரதேசம் ஆகிய இடங்களிலிருந்து நமக்கு ஏராளமாகப் பூண்டு வருகிறது. அவையும் நல்ல சரக்குதான். அவற்றை அந்தந்தப் பெயரில் விற்பதில் தவறில்லை. அவற்றில் பொடி ரகத்தைப் பிரித்தெடுத்து, ‘கொடைக்கானல் மலைப்பூண்டு’ என்று அட்டை எழுதி வைப்பதுதான் தவறு. 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி, பொய்யான குறியீட்டோடு சரக்கு விற்றால் 6 மாதத்திலிருந்து 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். மருந்துக்கென்று கேட்டு வாங்கிப் போகும் தாய்மார்கள், வேறு பூண்டு என்று ஒரு முறை கண்டுகொண்டால் மறுபடி நம் கடைப் படி ஏற மாட்டார்கள். நாணயம் போன கடைக்கு எத்தனை சரக்கு இருந்தும் பயனில்லை. அசல் பூண்டை அது விளையும் இடத்திலேயே கையில் எடுத்து, உரித்து, முகர்ந்து பார்த்தவரை எந்தத் தரகரும் ஏமாற்ற முடியாது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ரயிலில் வந்தால் கொடைரோடு நிலையத்தில் இறங்கி மலை ஏறலாம். பேருந்துக்கு வத்தலக்குண்டு வழியும் பழனி வழியும் உண்டு. கொடைக்கானலிலிருந்து பூம்பாறைக்குப் பேருந்து உண்டு என்றாலும் எண்ணிக்கை குறைவு. நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வெளியூர் வண்டிகளில் வருபவர்கள் இ-பாஸ் எடுக்கும் முறை வந்தது. சொந்த வண்டியில் போகிறவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு கிளம்புவது நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் மலையெங்கும் கூட்டம். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. இவற்றைத் தவிர்த்து, நம் கடையிலும் வியாபாரம் மந்தமாக இருக்கும் ஒரு மாதத்தைத் தேர்ந்தெடுக்கலாம். இரவில் குளிர் கடுமையாக இருக்கும். கம்பளியும் சால்வையும் அவசியம்.

பிளாஸ்டிக் பைகளும் தண்ணீர் பாட்டில்களும் வேண்டாம். துணிப்பையும் எவர்சில்வர் பாட்டிலும் போதும். மலையில் போட்ட குப்பையை யாரும் தோண்டி எடுக்கப் போவதில்லை, அது அந்தத் தோட்டத்து மண்ணில்தான் கிடக்கும். தோட்டத்துக்குள் கால் வைக்கும் முன் உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். வேலை செய்யும் பெண்களை அனுமதியில்லாமல் படம் எடுக்கக் கூடாது. சாப்பாட்டுக்கு ஊருக்குள் இருக்கும் கடைகளையே நாடினால் நாலு காசு அங்கேயே தங்கும்.

மூன்று நாளும் தொழில் பேச வேண்டும் என்பதில்லை. ஒரு நாள் மன்னவனூர் வரை போய், மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி மையம் இருக்கும் புல்வெளிப் பகுதியைப் பார்த்து வரலாம். இன்னொரு நாள் ஒன்றும் செய்யாமல் திண்ணையில் உட்கார்ந்து வெயில் காயலாம். கடையை மகனிடமோ நம்பிக்கையான ஆளிடமோ விட்டுவிட்டுப் போவது அவர்களுக்கும் ஒரு பயிற்சி. திரும்பும்போது விவசாயியிடமே, அவர் சொல்லும் விலைக்கு, வீட்டுச் செலவுக்கு இரண்டு கிலோ பூண்டு வாங்கி வாருங்கள். அதில் ஒரு கைப்பிடியைக் கடையில் மாதிரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ‘அசல் மலைப்பூண்டு’ என்று மூட்டை வந்து இறங்கும்போது பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்க உதவும்.