கப்பலின் கதை சொன்ன ஈயக்கட்டி!

சென்னைக்கு வடக்கே இருக்கும் பழவேற்காடு ஏரியைப் பார்த்திருக்கிறீர்களா? ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுதான். பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான் இருக்கும். இங்கே இருளர் இனப் பெண்கள் தண்ணீருக்குள் இருந்தபடி, சேற்றைக் கையால் தடவியே இறால் பிடிப்பார்கள். பிடித்த இறாலைப் போட, ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கவ்விக்கொள்வார்கள்.

முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குப் போகும் மீனவர்களால் அப்படித் தரையைத் தொட்டுப் பார்க்க முடியாது. வலை எதிலாவது சிக்கிக் கிழிந்தால், அடியில் பாறையோ மூழ்கிய கப்பலோ இருக்கலாம் என்று தெரிந்துகொள்வார்கள். கரையில் தெரியும் கோபுரம், கலங்கரை விளக்கம், பனைமரம் ஆகியவற்றை நேர்பார்த்து அந்த இடத்தை நினைவில் வைப்பது பெரியவர்களின் வழக்கம். இப்போது ஜி.பி.எஸ். கருவியும் உதவுகிறது. அங்கே வலை போட்டால் நஷ்டம். தூண்டில் போட்டாலோ லாபம்! கலவாய், சங்கரா போன்ற மீன்கள் அந்த இடுக்குகளில்தான் தங்கும்.

கடலுக்குள் கப்பல் எப்படி வந்தது என்கிறீர்களா? பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அந்தக் காலத்தில் சோழமண்டலக் கடற்கரையில் பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி வர முடியாது. தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். படகுகள்தான் சரக்கை ஏற்றி இறக்கும். புயல் அடித்தால் கப்பலின் கதி என்ன ஆகும்?

இதே கடற்கரையில், தெற்கே பூம்புகாரில், மூழ்கிய கப்பல் ஒன்று கிடைத்தது. கோவாவில் உள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் அங்கே ஆராய்ந்தபோது, 19 மீட்டர் ஆழத்தில் அது கிடந்தது. ஏறத்தாழ ஆறு மாடிக் கட்டடத்தின் உயரம்!

அவ்வளவு ஆழத்தில் மூச்சு விடுவது எப்படி? 'ஸ்கூபா' என்ற கருவிதான் உதவுகிறது. இப்போதுள்ள முறைக்கு வழிகாட்டியவர்கள், பிரான்சைச் சேர்ந்த ழாக் கூஸ்தோ, எமில் கன்யான் இருவரும், ஆண்டு 1943. முதுகில் சுமக்கும் உருளையில் இருப்பது வெறும் ஆக்சிஜன் என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரணக் காற்றைத்தான் அழுத்தி அடைக்கிறார்கள்.

ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 19 மீட்டரில் அழுத்தம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. காற்றும் அதே அளவு விரைவாகத் தீரும். மேலே வரும்போது மூச்சை அடக்கவே கூடாது. நுரையீரலில் உள்ள காற்று விரிந்து, அதைக் கிழித்துவிடும். அதனால்தான் முறையான பயிற்சி இல்லாமல் யாரும் இதில் இறங்கக் கூடாது.

சரி, பூம்புகார் கப்பலில் என்ன இருந்தது? ஈயக்கட்டிகள்! அவற்றில் 'டபிள்யூ. பிளாக்கெட்' என்ற பெயரும், 1791, 1792 என்ற ஆண்டுகளும் பொறிக்கப்பட்டிருந்தன. பிளாக்கெட் என்பது வடக்கு இங்கிலாந்தில் ஈயச் சுரங்கம் நடத்திய குடும்பத்தின் பெயர்.

இப்போது ஒரு கேள்வி. இந்தக் கப்பல் 1790-ல் மூழ்கியிருக்க முடியுமா? முடியாது! 1792-ல் செய்த கட்டியை ஏற்றியிருக்கிறதே! எனவே, அந்த ஆண்டிலோ அதற்குப் பிறகோதான் மூழ்கியிருக்க வேண்டும். ஒரு சின்ன எண், எவ்வளவு பெரிய செய்தியைச் சொல்லிவிட்டது பாருங்கள்!

வலையின் அடியில் கட்டும் குண்டுகளும் ஈயம்தான். அந்தக் கட்டிகள் விவரம் அறியாதவர் கையில் சிக்கி, வலைக்குண்டாக உருக்கப்பட்டிருந்தால்? பெயரும் போயிருக்கும், ஆண்டும் போயிருக்கும், கப்பலின் கதையும் போயிருக்கும்.

ஆகவே, கடலோரத்தில் பழைய நாணயமோ பானை ஓடோ கண்டால் தேய்க்காதீர்கள், விற்காதீர்கள். கிடைத்த இடத்தையும் நாளையும் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் சொல்லுங்கள். அவர் ஆட்சியர் அலுவலகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவிப்பார்.

மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு வேலை. "கடலில் எந்தெந்த இடத்தில் வலை சிக்கும் தாத்தா?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாளை கடலடியை ஆராய வருபவர்களுக்கு அந்த நோட்டு வழிகாட்டலாம்!