‘இயல்பை விட அதிகம்’ என்றால் உங்கள் ஊருக்கு எவ்வளவு? கோடை முன்னறிவிப்பை மொபைலில் படிக்கும் முறை

ஒவ்வொரு ஆண்டும் பிப்ரவரி கடைசியில் ஒரு செய்தி உங்கள் மொபைலுக்கு வந்து சேரும். ‘இந்தக் கோடையில் வெப்பம் இயல்பை விட அதிகமாக இருக்க வாய்ப்பு’ என்று. மார்ச் கடைசியில் இந்திய வானிலை ஆய்வு மையம் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களுக்கான கணிப்பை மறுபடி வெளியிடும். நாமும் ‘இந்த வருஷமும் வறுத்தெடுக்கப் போகுது’ என்று நாலு பேருக்கு அனுப்பிவிட்டு வேலையைப் பார்ப்போம். ஆனால் அந்த ஒரு வரிக்கு ராமேஸ்வரத்தில் ஒரு பொருள், கரூரில் வேறு பொருள், ஊட்டியில் முற்றிலும் வேறு பொருள்.

முதலில் ‘இயல்பு’ என்ற சொல். அது போன வருஷ வெயில் இல்லை. 30 ஆண்டுகளின் சராசரி. இப்போது 1991 முதல் 2020 வரை எடுத்துக்கொள்கிறார்கள். பருவகாலக் கணிப்பு சொல்வது வாய்ப்பை மட்டும்தான். மூன்று மாதத்தின் சராசரி இயல்பை விட மேலே போகுமா, ஒட்டி இருக்குமா, கீழே வருமா என்பதற்கான சதவீதக் கணக்கு அது. மே 10-ஆம் தேதி உங்கள் வீட்டுக் கல்யாணத்தன்று எத்தனை டிகிரி என்பதை அதில் தேடாதீங்க. அதற்கு நான்கைந்து நாள் முன்னால் வரும் தினசரி முன்னறிவிப்புதான் சரி.

கடற்கரை, மலை, சமவெளி: மூன்றுக்கும் மூன்று அளவுகோல்

ஒரு இடத்தில் வெப்ப அலை என்று சொல்ல, சமவெளியில் அதிகபட்ச வெப்பம் குறைந்தது 40 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். கடலோரத்தில் 37, மலையில் 30. அதோடு, அந்த நாளின் இயல்பை விட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். 6.4-க்கு மேல் கூடினால் தீவிர வெப்ப அலை. 45 டிகிரியைத் தொட்டுவிட்டால் இயல்புக் கணக்கே பார்ப்பதில்லை, நேராக வெப்ப அலைதான். இதிலும் ஒரு நிபந்தனை உண்டு. ஒரு வானிலை உட்பிரிவில் குறைந்தது இரண்டு நிலையங்களில், அடுத்தடுத்து இரண்டு நாள் இப்படி இருந்தால்தான் அறிவிப்பு வரும். தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் எல்லாம் சேர்ந்து ஒரே உட்பிரிவு.

இதனால் என்ன ஆகும்? 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் 29 டிகிரி பதிவானது. அந்த ஊரின் வரலாற்றில் அதுவரை இல்லாத வெப்பம். ஆனாலும் மலைக்கான 30-ஐ அது தொடவில்லை. ஃபேன் இல்லாத வீடுகளில் வாழ்ந்து பழகியவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது அளவுகோலில் தெரியாது. ‘வெப்ப அலை அறிவிக்கப்படவில்லை’ என்ற செய்தியை ‘ஆபத்து இல்லை’ என்று படித்துவிடக் கூடாது. முதியவர்கள், கைக்குழந்தைகள், தகர ஷீட் கூரை வீடுகளில் இருப்பவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள் விஷயத்தில் இது ரொம்ப முக்கியம்.

கடலோரத்தில் கணக்கே வேறு. அங்கே டிகிரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீங்க, ஈரப்பதத்தையும் பாருங்க. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாது. 36 டிகிரியோடு ஈரப்பதம் பாதிக்குமேல் இருந்தால், உடம்புக்கு அது 40-ஐத் தாண்டிய வெயில் மாதிரிதான். சென்னையின் பகல் வெப்பத்தைத் தீர்மானிப்பது கடல் காற்று எத்தனை மணிக்கு உள்ளே வருகிறது என்பதே. முற்பகலிலேயே வந்துவிட்டால் பிழைத்தோம். மேற்கிலிருந்து தரைக்காற்று பலமாக வீசி அதைத் தடுத்தால் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று, அதாவது கத்திரி வெயில் முடிந்த பிறகு! கத்திரி என்பது பஞ்சாங்கக் கணக்கு. வானிலை அதைப் பார்த்து நடப்பதில்லை.

பாலைவனம் நம்ம மாநிலத்தில் ஏது என்று கேட்கலாம். தூத்துக்குடி மாவட்டத்தில் குதிரைமொழி, சாத்தான்குளம் பக்கம் இருக்கும் செம்மணல் தேரியில் மே மாத மதியம் நடந்து பார்த்தவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். முன்னறிவிப்பில் வரும் டிகிரி நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் அளந்த காற்றின் வெப்பம். வெறும் மணலும் தார்ச்சாலையும் அதைவிடப் பல டிகிரி கூடுதலாகச் சுடும். பதநீர் இறக்குபவரோ டூவீலரில் டெலிவரி செய்பவரோ திரையில் தெரியும் எண்ணை நம்பி நேரத்தைத் திட்டமிட முடியாது. பகல் 12 முதல் 3 வரை தவிர்ப்பதுதான் வழி.

எந்த எண்ணை நம்புவது?

மொபைலோடு வரும் வானிலை ஆப் காட்டுவது பெரும்பாலும் கணினிக் கணிப்பு, உங்கள் ஊரில் அளந்தது இல்லை. அளந்த எண்ணுக்கும் எச்சரிக்கைக்கும் வானிலை மையத்தின் ‘மௌசம்’ செயலி இருக்கிறது. மாநில அரசின் ‘டிஎன் அலர்ட்’ செயலியில் தமிழிலேயே பார்க்கலாம். லொக்கேஷனை ஆன் செய்து, நோட்டிஃபிகேஷனுக்கு அனுமதி கொடுத்தால்தான் எச்சரிக்கை தானாக வரும். பலர் இந்த இடத்தில்தான் ‘வேண்டாம்’ என்று அழுத்திவிடுகிறார்கள். பச்சை என்றால் கவலை இல்லை, மஞ்சள் என்றால் கவனம், ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் உடனே செயல்படுங்கள். கோடை மழை இடியோடுதான் வரும் என்பதால் மின்னலுக்கு ‘தாமினி’ செயலியும் வைத்துக்கொள்ளலாம். ‘55 டிகிரி வரப்போகுது’ என்று வாட்ஸ்அப்பில் வந்தால், ராஜஸ்தான் பாலைவனத்தின் பலோடியில் 2016-இல் பதிவான இந்திய உச்சமே 51 என்று பதில் போடுங்கள்.

லீவுக்குக் கிளம்புபவர்களுக்கு இரண்டு விஷயம். ஊட்டி, கொடைக்கானலுக்கு வண்டியில் போக இ-பாஸ் நடைமுறை 2024 மே மாதம் வந்தது. கிளம்பும் முன் அப்போதைய விதியைப் பார்த்துவிடுங்கள். இரண்டாவது, கன்னியாகுமரிக் கடற்கரை. காற்றே இல்லாத, வெயில் காயும் நாளிலும் தெற்கே தொலைதூரக் கடலில் உருவான அலைகள் திடீரென உயர்ந்து கரையேறும். இதைத்தான் ‘கள்ளக்கடல்’ என்கிறார்கள். 2024 மே 6 அன்று லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் 5 பேரை அலை இழுத்துச் சென்றது. வானம் தெளிவாக இருக்கிறதே என்று இறங்காதீங்க, கடல் எச்சரிக்கையைத் தனியாகப் பாருங்க.

வெயிலில் ஒருவர் மயங்கினாலோ, பேச்சு குழறினாலோ, உடம்பு நெருப்பாகச் சுட்டாலோ உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். மருத்துவ ஆலோசனைக்கு 104, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077. வெப்ப அலையை 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அரசு அறிவித்திருக்கிறது. வெப்பத் தாக்கத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் உண்டு.

ஜூனில் பருவக்காற்று வலுத்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவைக்கும், செங்கோட்டை வழியாகத் தென்காசிக்கும் குளிர்ச்சி வந்துவிடும். அதே மேற்குக் காற்று மலையில் மழையை இறக்கிவிட்டு, காய்ந்துபோய்தான் வடகிழக்கே வந்து சேரும். அதனால் வேலூர், திருத்தணி, சென்னைக்காரர்கள் ஜூன் பாதி வரைக்கும் நோட்டிஃபிகேஷனை ஆஃப் செய்ய வேண்டாம்.